பம்பி பழுதா, டீசல் பழுதா?

புரட்டாதி நடுவில் ஒருநாள், விதைநெல் மூட்டைகளும் மாட்டெருவும் ஏற்றிக்கொண்டு வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போன லொறி வாணர் தாம்போதியின் நடுவில் நின்றுவிட்டது. சாரதி கைப்பம்பியை அமத்திப் பார்த்தார், எயர் எடுத்துப் பார்த்தார். இயந்திரம் பிடிக்கவில்லை. இரு பக்கமும் கடல், மேலே மழைக்கோலம். மாலையில் உழவு இயந்திரம் ஒன்று வந்துதான் அதை இழுத்துச் சென்றது.

அந்த லொறி பதினொரு குடும்பங்களின் கூட்டுச் சொத்து. லீசிங்கில் எடுத்தது, மாதத் தவணை லொறி ஓடினாலும் கட்டவேண்டும், நின்றாலும் கட்டவேண்டும். 1991 இல் தீவை விட்டு வெளிக்கிட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமான இக்குடும்பங்களில் எட்டு இன்னும் யாழ்ப்பாணப் பக்கத்தில் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருக்கின்றன. ஊரில் வீடு இடிந்து கிடக்கிறது, கிணறு உவராகிவிட்டது, காணி மட்டும் இருக்கிறது. காலையில் போய் வேலை செய்து பின்னேரம் திரும்புவதற்கு அந்த லொறிதான் வழி. ஆகவே அது நின்றது ஒரு வாகனப் பழுது மட்டுமல்ல. அந்தக் காலபோகமே கேள்விக்குறியாயிற்று.

வாங்கிப் பதினான்கு மாதம், உத்தரவாதம் இரண்டு வருடம். எனவே விற்ற கொம்பனியின் சேவை நிலையத்துக்கே கொண்டுபோனோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. “உங்கட டீசலுக்குள்ள தண்ணி. பம்பி, றெயில், நாலு இன்ஜெக்டர், குழாய் எல்லாம் மாத்தவேணும். உத்தரவாதத்துக்குள்ள வராது.” பதினொரு லட்சத்துக்கு மேல் ஒரு மதிப்பீடு. மேசையில் ஒரு போத்தல். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்.

கூட்டுக் குழுவின் தலைவர் வயதான கமக்காரர். வெளியே வந்து மரநிழலில் குந்தியிருந்து, “சுவாமி, நான் இருக்கிற மாட்டை எல்லாம் வித்தாலும் இதுக்குக் காணாது” என்றார்.

கொம்பனி சொன்னது முழுப் பொய் என்று நாம் எழுதினால் அது நேர்மையாகாது. எரிபொருள் விடயத்தில் எமது மக்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் வடக்கிற்குப் பெற்றோலும் டீசலும் வரவிடப்படவில்லை. பழைய ஒஸ்ரின் கார்களைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். அது பெருமைப்படத்தக்க கெட்டித்தனம். ஆனால் தடை நீங்கியபின்பும் பழக்கம் நீங்கவில்லை. 2022 இல் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவான போது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகத்தான் இருந்தது. அந்த ஓகஸ்டில்தான் அது 340 ஆக ஏறியது. இடைப்பட்ட மாதங்களில் எத்தனை தாங்கிகளில் எது கலந்தது என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. வரிசையில் நின்று கிடைத்ததைத் தகரப் பீப்பாயில் சேர்த்துவைத்தோம். உப்புக் காற்றில் பீப்பாய் துருப்பிடிக்கும். அரைவாசி வெறுமையான பீப்பாயின் உட்சுவரில் இரவுக் குளிருக்கு நீர் வியர்த்து அடியில் இறங்கும். எமது லொறிக்கும் சில தடவை பீப்பாய் டீசல்தான் ஊற்றப்பட்டது. சாரதி அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

பழைய லொறிகள் இதையெல்லாம் ஓரளவு பொறுத்தன. இப்போதைய இயந்திரம் பொறுக்காது. டீசல் இயந்திரத்தில் பம்பியின் அசையும் பாகங்களுக்கு மசகு பெரும்பாலும் அந்த டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு; தண்ணீருக்கு அறவே இல்லை. பழைய இன்ஜெக்டர் இருநூறு மடங்கு வளிமண்டல அமுக்கத்தை ஒட்டித் திறந்தது. புதிய றெயில் முறையில் அது ஆயிரத்து அறுநூறையும் தாண்டும். உள்ளே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான இடைவெளியோ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே ஒரு துளி தண்ணீர் போதும்.

இந்த வழக்கு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரை செய்யப்பட்ட ஜெனரல் மோட்டோர்ஸ் டீசல் பிக்கப்புகளில் பொஷ் நிறுவனத்தின் சீ.பி.4 என்ற உயரமுக்கப் பம்பி பொருத்தப்பட்டிருந்தது. அது உள்ளுக்குள் தேய்ந்து இரும்புத்தூளை எரிபொருள் வழி முழுவதும் அனுப்பிவிடுகிறது என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க டீசலின் வழுவழுப்புக்கு அந்தப் பம்பி பொருந்தாது என்பது அவர்கள் வாதம். டீசலுக்குள் உருக்குக் குண்டொன்றைத் தேய்த்து, ஏற்படும் வடுவின் அகலத்தை அளப்பது ஒரு சோதனை: ஐரோப்பியத் தரம் 460 மைக்கிரோன் வரை அனுமதிக்கிறது, அமெரிக்கத் தரம் 520 வரை. 2024 இல் அந்த வழக்கு 5 கோடி டொலருக்கு இணக்கமாக முடிந்தது. வாகனம் வாங்கியவர்கள் பணக்கார நாட்டில் இருந்தும் அவர்களுக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. “பம்பி பழுதா, டீசல் பழுதா” என்ற கேள்விக்கு விடை சொல்லும் சான்று யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே கதை சாய்கிறது.

எங்கள் கையில் என்ன இருந்தது? டீசல் அடித்த பற்றுச்சீட்டுகளில் பாதி இல்லை. தாங்கியிலிருந்து மாதிரி எடுத்தபோது எங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. மேசைப் போத்தல் எமது லொறியின் டீசல்தானா என்று கேட்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. லொறியை ஒப்படைக்கும்போதே வடிகட்டியின் அடியிலுள்ள நீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து, அவர்கள் முன்னிலையில் இரண்டு போத்தல் எடுத்து, திகதி எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒன்றை நாங்கள் வைத்திருக்கவேண்டும். அதைச் செய்யவில்லை.

யாழ்ப்பாணத்தில் டீசல் பம்பி வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் போனோம். நாற்பது வருடக் கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இரும்புத்தூள் மினுங்கினதோ?” நாம் விழித்தோம். அவர் விளக்கினார். பம்பியே உடைந்திருந்தால் வடிகட்டியிலும் அளவு வால்விலும் வெள்ளித்தூள் மாதிரி மினுங்கும்; அப்படியானால் கொம்பனி சொல்வது சரி, முழுத் தொகுதியையும் மாற்றத்தான் வேண்டும், பாதி மாற்றினால் மீதித் தூள் புதியதையும் தின்னும். தூள் இல்லை, துருவும் தண்ணீரும் மட்டும் என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சோதனை மேசையில் ஏற்றிப் பார்த்துப் பழுதானதை மட்டும் மாற்றலாம்.

மறுநாள் குழுத் தலைவரும் சாரதியும் நாமும் சேர்ந்து சேவை நிலையத்துக்குப் போனோம். அங்கியோடு போனபடியால் கதிரை தந்தார்கள். முதல் தடவை தனியே போன சாரதியை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியிருந்தார்கள். வால்வைக் கழற்றிக் காட்டும்படி கேட்டோம். தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். மினுக்கம் இல்லை. சோதனை மேசை அறிக்கை கேட்டோம். “நாங்கள் சோதிக்கிறேல்லை, மாத்துறதுதான்” என்றார் முகாமையாளர். அவர் கெட்ட மனிதர் அல்லர். கொழும்பிலிருந்து வரும் கட்டளைப்படி நடப்பவர். ஆனால் சோதிக்காமல் பதினொரு லட்சம் கேட்பது எப்படி நியாயமாகும் என்று தலைவர் கேட்டபோது அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. உத்தரவாத மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு லொறியை வெளியே எடுத்தோம்.

சோதனையில் நான்கு இன்ஜெக்டர்களில் இரண்டு நல்லவை. பம்பி அமுக்கம் கொடுத்தது. தாங்கி கழுவி, வடிகட்டி மாற்றி, இரண்டு இன்ஜெக்டர் போட்டுக் கொம்பனி மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் லொறி ஓடியது. அதைக் குடும்பங்கள் பங்குபோட்டுக் கட்டின.

எழுத்தில் வாங்கிய மறுப்பைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அனுப்பினோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை தருபவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யக் கடமைப்பட்டவர். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், பொருள் அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். இந்த மூன்று மாதத்தை உங்களில் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு நாட்கள் அலைச்சலிலேயே போய்விடுகின்றன. விசாரணைக்கு இரண்டு தடவை அழைத்தார்கள். பழுதுக்குக் காரணம் டீசல் என்பதைக் கொம்பனி விட்டுக்கொடுக்கவில்லை. பாதிப் பற்றுச்சீட்டுடன் எம்மாலும் அதை மறுக்க இயலவில்லை. பார்வையிட்ட கூலியென்று எடுத்த பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

எல்லாமாக முப்பத்தேழு நாள். அதற்குள் ஐப்பசி மழை இறங்கிவிட்டது. ஏழு குடும்பங்கள் பிந்தி விதைத்தன. நான்கு குடும்பங்களின் வயல் அம்முறை விதைக்கப்படவில்லை. அவர்களுடைய விதைநெல் அரிசியாயிற்று. பீப்பாயை விற்றுவிட்டார்கள். இப்போது லொறியில் ஒரு கொப்பி தொங்குகிறது. டீசல் அடித்த பற்றுச்சீட்டை அதில் ஒட்டுவது சாரதியின் வேலை, திங்கட்கிழமைதோறும் கிண்ணத்து நீரை வடிப்பது தலைவரின் மகளுடைய வேலை. போன கிழமை வடித்ததில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் இருந்ததாக எழுதியிருக்கிறாள்.