தோட்டாவைக் கையால் நிரப்புவது என்ன? துல்லியத்துக்கும் விபத்துக்கும் இடையே சில மில்லிகிராம்

புது தில்லி: பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆடவர் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவில் மகாராஷ்டிர வீரர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அப்போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. இத்தகைய துல்லியத்தில் வீரரின் திறனுடன் தோட்டாவின் தரத்துக்கும் பங்குண்டு. அந்தத் தரத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ள, அமெரிக்கா போன்ற நாடுகளில் பலர் தோட்டாக்களைக் கையால் நிரப்புகின்றனர். அதன் பயன் என்ன? ஆபத்து என்ன? இந்தியச் சட்டம் என்ன கூறுகிறது?

தோட்டாவின் அமைப்பு

ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உள்ளன: பித்தளைக் கூடு, தீப்பொறி எழுப்பும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. சுட்ட பிறகு எஞ்சும் கூட்டில் மற்ற மூன்றையும் புதிதாகப் பொருத்துவதே கையால் நிரப்பும் முறையாகும்.

குசாலே பங்கேற்ற பிரிவுக்குரிய .22 தோட்டாவில் பிரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், அதை மீண்டும் நிரப்பும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக, ஆலையில் தயாரான வெவ்வேறு தொகுதிகளைத் தங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, நன்கு பொருந்தும் தொகுதியையே வீரர்கள் தேர்ந்தெடுக்கின்றனர்.

துல்லியம் எப்படிக் கிடைக்கிறது?

துல்லியத்தின் அடிப்படை, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி இருப்பதுதான். மருந்தின் எடை மாறினால் குண்டின் வேகம் மாறும். வேகம் மாறினால், தொலைவிலுள்ள இலக்கில் குண்டு மேலேயோ கீழேயோ விலகிப் படும். மருந்தை 'கிரெய்ன்' என்ற அலகால் அளக்கின்றனர். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கு வரை எடை பார்க்கப்படுகிறது.

ஆபத்து எங்கே?

'.308 வின்செஸ்டர்' என்ற பரவலான ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான 'சாமி' வகுத்துள்ள அதிகபட்ச சராசரி அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. இது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 4,200 மடங்கு. சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குலத் தொலைவில் இந்த அழுத்தம் உருவாகிறது.

மருந்து அளவுக்கு மிஞ்சினாலோ, வேகமாக எரியும் வேறு வகை மருந்து தவறுதலாகக் கலந்தாலோ துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். மருந்து குறைந்தாலும் ஆபத்துதான். உந்துவிசை போதாமல் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த முறை சுட்டால் குழல் பிளக்கக்கூடும். பலமுறை பயன்படுத்திய கூடு தளர்ந்து, உடைந்து, வெப்ப வாயுவைப் பின்புறமாகக் கசியவிடும் அபாயமும் உண்டு.

எனவேதான், இம்முறை அனுமதிக்கப்பட்ட நாடுகளிலும் சோதித்து வெளியிடப்பட்ட அளவுகளை மீறக் கூடாது, ஒரே நேரத்தில் ஒரு வகை மருந்துக்கு மேல் மேசையில் வைக்கக் கூடாது என்பன அடிப்படை விதிகளாக உள்ளன.

இந்தியாவில் சட்டம்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் குற்றத்துக்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை முதல் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம், அபராதமும் உண்டு.

தோட்டாவின் பாகங்களையும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களையும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே இச்சட்டம் சேர்த்துள்ளது. ஆகவே, வெளிநாட்டு இணையக் காணொலிகளில் சாதாரணப் பொழுதுபோக்காகத் தோன்றும் இந்தக் கருவிகளை உரிமமின்றி இந்தியாவில் வைத்திருப்பதே வழக்குக்கு வழிவகுக்கலாம். துப்பாக்கி உரிமம் பெற்றவர்களுக்கும், அந்த உரிமம் தோட்டா தயாரிப்பதற்கான அனுமதி ஆகாது.