பனிக்காலத் தொட்டியில் சீமைச்சாமந்தி

சீமைச்சாமந்தி, அதாவது கெமோமில் என்றாலே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் சரிப்படும் என்று விதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். லக்னோ வட்டாரத்துச் சமவெளியில் இதை வயலிலேயே பயிரிடுகிறார்கள். அக்டோபரில் நாற்றுவிட்டு, நவம்பரில் நட்டு, பிப்ரவரி, மார்ச்சில் பூ எடுத்துவிடுகிறார்கள். கோடை சுடுவதற்குள் வேலை முடிந்துவிடும். நம் மாடித்தோட்டத்துக்கும் அதே கணக்குத்தான். பருவத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நமக்கு ஐப்பசி மழை குறுக்கே நிற்கிறது. ஆயிரம் விதையின் எடையே ஏறக்குறைய 0.1 கிராம்தான், ஒரு தூறல் போதும், எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கார்த்திகையில், மழை படாத இடத்தில், தட்டில் விதைப்பது நல்லது. விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். மண் போட்டு மூடவே கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பூவாளி வேண்டாம், தெளிப்பான் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை தெரியும். விரல் நீளம் வந்ததும் வேர்மண் உதிராமல் எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் நடலாம்.

உரத்தில் கை தாராளமானால் தழைதான் மண்டும், பூ குறையும். செம்மண், மணல், கொஞ்சம் மண்புழு உரம், தண்ணீர் தேங்காத தொட்டி. அவ்வளவே இது கேட்பது. மேல்மண் காய்ந்த பிறகு நீர் விடுங்கள். அசுவினி ஒட்டினால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். குடிக்கப் போகிற பூவில் வேப்பெண்ணெய் வாடை ஏறுவதை நான் விரும்புவதில்லை.

வாங்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மன் கெமோமில் ஒரு பருவச் செடி. நிமிர்ந்து வளரும், தேநீருக்கு ஏற்றது. ரோமன் கெமோமில் பல்லாண்டுச் செடி. தரையோடு படரும், நம் கோடையைத் தாங்குவது சிரமம். சந்தேகம் வந்தால் ஒரு பூவை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். மஞ்சள் கூம்பின் உள்ளே வெற்றிடம் இருந்தால் ஜெர்மன். கெட்டியாக இருந்தால் ரோமன்.

விதைத்து இரண்டு மாதம் கடந்ததும், தை கடைசியில் பூ வரத் தொடங்கும். வெள்ளை இதழ்கள் கிடையாக விரிந்திருக்கும்போதே பறிக்க வேண்டும். கீழ்நோக்கி மடங்கிவிட்டால் மணம் குறைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பனி உலர்ந்த காலைவேளையில், தண்டை இரு விரல்களுக்கிடையே விட்டு மேலே இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். பறிக்கப் பறிக்கப் பூக்கும். நிழலில், துணிமேல், ஒரே அடுக்காக உலர்த்துங்கள். நடுக்கூம்பு உள்வரை காயாமல் டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு தம்ளர் வெந்நீருக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிப் பூ. மூடி வைத்து ஐந்து நிமிடம். மூடாவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். அந்த மணம் தரும் எண்ணெயை வடித்தெடுத்தால் கருநீலமாக இருக்கும்! பூவில் இல்லாத அந்த நீலம், வடிக்கும் சூட்டில் உருவாகும் கேமசுலீன் என்ற பொருளால் வருவது. சாமந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒவ்வாதவர்கள் இதைத் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மாசி வெயில் ஏறியதும் செடி காயும். காப்பாற்றப் போராட வேண்டாம். கடைசிப் பூக்களைச் செடியிலேயே முற்றவிட்டு, காகிதத்தின்மேல் உதிர்த்து, விதையை உறையிலிட்டு ஈரம் படாமல் வையுங்கள்.