யார் கையில் அந்தப் போன்?

நாம் பேசியதையெல்லாம் ஏ.ஐ. சாட்பாட் ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்றதும் நம் பயம் நேராக அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. எங்கோ இருக்கும் கம்பெனி நம் தகவலை என்ன செய்யுமோ என்று கவலைப்படுகிறோம். அது நியாயமான கவலைதான். ஆனால் முக்கூடலிலோ சேரன்மகாதேவியிலோ ஒரு வீட்டுக்குள் போன் எத்தனை கை மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் அம்மாவிடம், சாயங்காலம் பிள்ளையிடம், ராத்திரி அப்பாவிடம். லாக் நம்பர் எல்லாருக்கும் தெரியும்; தெரியாமல் வைத்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். சாட்பாட்டின் ஞாபகத்தால் வரும் முதல் ஆபத்து இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆகவே அந்த வசதி யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. வேண்டும் என்று கேட்டவருக்கு மட்டும் திறந்துவிட வேண்டும்.

இந்த ஞாபகம் எப்படி வேலை செய்கிறது? சாட்பாட்டுக்குள் இருக்கும் மாடலுக்கு நேற்று நீங்கள் பேசியது எதுவும் தெரியாது. செயலிதான் உங்கள் பேச்சிலிருந்து குறிப்பெடுத்து உங்கள் கணக்கில் சேர்த்து வைக்கிறது. 'சர்க்கரை நோய் இருக்கிறது, ஊர் அம்பாசமுத்திரம், மகள் பிளஸ் டூ' என்கிற மாதிரி. அடுத்த முறை நீங்கள் ஏதாவது கேட்டால், பொருத்தமான குறிப்புகளை உங்கள் கண்ணில் படாமல் கேள்வியோடு சேர்த்து மாடலுக்கு அனுப்பிவிடுகிறது. சாட்ஜிபிடி 2024 பிப்ரவரியில் இதைச் சோதனையாகத் தொடங்கி, 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் அனைத்தையும் புரட்டிப் பார்க்கும் அளவுக்கு விரித்தது. கூகுளின் ஜெமினி 2025 ஆகஸ்டில் இதைக் கொண்டுவந்தபோது, தானாகவே ஆன் ஆகியிருக்கும்படி வைத்தது. அந்த ஆண்டுக் கடைசியிலேயே ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினியின் கட்டணச் சேவை 18 மாதம் இலவசம் என்றும், சாட்ஜிபிடியின் 'கோ' திட்டம் இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றும் அறிவிப்புகள் வந்தன. இலவசம் என்றால் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை போய்ச் சேராமல் இருக்குமா?

'கூகுளுக்கு ஏற்கெனவே நம்மைப் பற்றி எல்லாம் தெரியுமே, இதில் என்ன புதுசு' என்று கேட்பவர்கள் உண்டு. தேடும்போது 'தைராய்டு மாத்திரை' என்று இரண்டு சொல் தட்டுவோம், அவ்வளவுதான். சாட்பாட் திருப்பிக் கேள்வி கேட்பதால் அதனிடம் முழுக் கதையையும் கொட்டுகிறோம். பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். நாள் தள்ளிப்போனதைப் பற்றி ஒரு நாள் கேட்கிறார். குழுக் கடனுக்கு இந்த வாரம் கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு நாள். குடித்துவிட்டு அடிக்கும் கணவன் மேல் போலீஸில் புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்று வேறொரு நாள். முன்பெல்லாம் முதல் விஷயம் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும், இரண்டாவது குழுத் தலைவிக்கும், மூன்றாவது கூடப்பிறந்த அக்காவுக்கும் மட்டும் தெரிந்திருக்கும். மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளப் போவதில்லை. இப்போது மூன்றும் ஒரே கணக்கில் இருக்கின்றன. தேடல் பட்டியலைப் பார்க்க ஒருவர் மெனக்கெட வேண்டும். சாட்பாட்டின் ஞாபகமோ தானாக வாய் திறக்கும். மகன் அதே போனில் வீட்டுப்பாடத்துக்கு உதவி கேட்கும்போது 'உங்கள் வீட்டுச் சூழ்நிலையை வைத்துப் பார்த்தால்' என்று அது ஒரு வரியைத் தொடங்கினால் போதும்.

மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம் என்ற கேள்வியை இந்த நெல்லை மாவட்டத்தில் கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு பழகிய பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். அந்தக் கொலைக்கும் சாட்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் சாதி கடந்த ஒரு பிரியம் வீட்டுக்குத் தெரிவதே உயிரோடு விளையாடும் காரியமாக இருக்கும் ஊரில், 'இதை எங்க வீட்டில் எப்படிச் சொல்ல' என்று ஒரு பெண் ராத்திரியில் தட்டியதைச் செயலி தானாகக் குறித்து வைத்துக்கொள்வதை வெறும் வசதி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்குள் பார்த்தது நீதிமன்றம் வரைக்கும் போகும். நெல்லை மாவட்டத்துக்கும் உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு விவாகரத்து வழக்கில் முக்கியமான தீர்ப்பு சொன்னார். மனைவிக்குத் தெரியாமல் அவருடைய போன் அழைப்பு விவரங்களை எடுத்துக் கணவர் தாக்கல் செய்திருந்தார். கணவன் மனைவிக்கு நடுவிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்ததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார் நீதிபதி. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மனைவியின் பேச்சைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. இரண்டும் போன் சம்பந்தப்பட்டவை. சாட்பாட் உரையாடல் இதே வாசலில் வந்து நிற்க அதிக நாள் ஆகாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே விடக் கூடாது என்று சாட்சியச் சட்டம் வக்கீலின் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. சாட்பாட்டுக்கு அந்தக் கட்டு இல்லை என்பதை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

டெலிட் செய்தால் தீர்ந்ததே என்பது அடுத்த வாதம். சாட்ஜிபிடியில் உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து சேமித்த குறிப்பு அழியாது. அதைத் தனியே தேடிப்போய் அழிக்க வேண்டும். எதுவும் ஞாபகம் வைக்காது என்று சொல்லப்படும் தற்காலிக உரையாடலைக்கூட 30 நாள் வரை அந்த நிறுவனம் வைத்திருக்கலாம். 2025 மே மாதம், ஓப்பன்ஏஐ மீது நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் கடைசியில்தான் அந்தக் கட்டாயம் விலகியது. சேர்த்து வைத்தது கசியாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ அறிக்கைகள் 2024-ல் டெலிகிராம் பாட்கள் வழியாகக் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. கசியாவிட்டாலும் அது விற்பனைக்கு உதவும்: மெட்டா நிறுவனம் தன் ஏ.ஐ.யிடம் நாம் பேசுவதை வைத்து விளம்பரம் காட்டப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்து, டிசம்பர் 16 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், தென்கொரியாவுக்கு விலக்கு, நமக்கு இல்லை.

ஞாபகத்தால் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தமிழில் தட்டச்சு செய்யத் திணறும் ஒரு பெரியவர் தன் மருந்துப் பட்டியலை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மாணவி போன வாரம் விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடரலாம். அவர்களுக்கு அது இருக்கட்டும். ஆனால் அவர்களால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். அந்தப் பீடி சுற்றும் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர் ஒரு பொத்தானைத் தட்டும் சிரமத்தையும், தெரியாதவர் மாட்டிக்கொள்ளும் ஆபத்தையும் ஒரே எடையாக வைக்க முடியாது. சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான், அமலுக்கு வரும். தகவலைப் பெறச் சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழும் அதில் ஒன்று. சம்மதம் என்பது தெரிந்து, தெளிவான செயலால் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தானாக ஆன் ஆகி வரும் ஞாபகம் இந்த வரையறைக்குள் அடங்குமா என்பதை அந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் முதல் வேலையாக எடுத்துப் பார்க்க வேண்டும். என் வாசிப்பில் அது அடங்காது.