பொட்டலத்தில் தெரியும் ஊர்

வழிச்செல்வோர் உணவைக் கட்டி எடுத்துச் செல்வது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. கட்டுச்சோறு என்னும் சொல்லே அதற்குச் சான்று. வீட்டில் கட்டிய சோற்றின் இடத்தை இன்று கடையில் கட்டும் 'பார்சல்' பிடித்துக்கொண்டது. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், அது எந்த ஊரில் கட்டப்பட்டது என்று சொல்ல முடியுமா?

பரோட்டாவை எடுத்துக்கொள்வோம். நைனார்பாளையம் போன்ற ஊர்களிலும் மாலையானால் பரோட்டாக் கல் காயத் தொடங்குகிறது. மைதா கோதுமையிலிருந்து வருவது. கோதுமையோ பெரும்பாலும் வடமாநிலங்களில் விளைவது. ஆகவே மாவு எங்கும் ஒன்றே. ஆயினும் விருதுநகரில் அதனை எண்ணெயில் பொரித்து மொறுமொறுப்பாக்குவர். இலங்கையில் ரொட்டியைச் சூடான இரும்புத் தட்டிலிட்டு, இரு தகடுகளால் கொத்தி, முட்டையும் காய்கறியும் கலந்து கொத்துரொட்டியாக்குவர். இந்தியாவிலிருந்து குடியேறியவர்களோடு மலேசியாவுக்குச் சென்ற ரொட்டி, அங்கே 'ரொட்டி சானாய்' எனப் பெயர் பூண்டு பருப்புக் குழம்போடு வருகிறது. மாவில் மறைந்துபோன ஊர், கைப்பக்குவத்திலும் குழம்பிலும் வெளிப்பட்டுவிடுகிறது.

பிரியாணியும் அவ்வாறே. ஆம்பூர், திண்டுக்கல் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் சீரகச் சம்பா அரிசி பொது. ஆம்பூரில் அரைத்த மிளகாய் வற்றலின் காரம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். திண்டுக்கல்லில் மிளகின் காரமும் எலுமிச்சையின் புளிப்பும் முந்தி நிற்கும்.

எல்லாப் பண்டமும் பொட்டலத்திற்கு இசைவதில்லை. ஆத்தூரைக் கடந்து சேலம் சென்றால் 'தட்டுவடை செட்' கிடைக்கும். இரண்டு தட்டுவடைகளுக்கிடையே சட்னியும் பீட்ரூட், காரட் துருவலும் வைத்துத் தருவர். ஈரம் ஏறினால் வடை நமத்துப்போகும். கடைமுன் நின்று தின்பதே முறை. வீட்டுக்கு வேண்டுமாயின் வடையைத் தனியாகவும் துருவலைத் தனியாகவும் கட்டித் தரச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் இட்லியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைத்த அந்த இட்லி, சாதாரண இட்லியைவிட நீண்டநேரம் தாங்கும். வழிப்பயணத்திற்கு ஏற்றது. இலையின் அருமையை நாம் மறந்து, கொதிக்கும் சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டப் பழகிவிட்டோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் அத்தகைய பைகளைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்துள்ளது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். அண்மையிலுள்ள கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகின்றன. ஆனால் அடிவாரத்து ஊர்களின் பொட்டலத்தில் அவற்றைக் காண்பது அரிது. சாமை விரைவில் வேகும். உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் ஏற்றது. தடை சமையலில் இல்லை. உமி நீக்குவதில் இருக்கிறது. மைதா மூட்டையைப் பிரித்தவுடன் பிசையலாம். சாமையையோ குற்றிப் புடைத்துக் கல் நீக்க வேண்டும். அந்த உழைப்பின் பெரும்பகுதி பெண்களைச் சேர்ந்ததாகவே இருந்து வந்தது. உமி நீக்கும் சிறு இயந்திரம் மலையூர்களிலேயே அமைந்தால், தானியத்தை அரிசியாக்கி விற்கும் ஆதாயமும் விளைவித்தவர்க்கே சேரும்.