ஐசோபிராஸ்டேன்: ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளக்கும் உயிர்க்குறி

அராகிடோனிக் அமிலம் 20 கரியணுக்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட கொழுப்பு அமிலமாகும். உயிரணுச் சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில் பிணைந்திருக்கும் இவ்வமிலம் விடுபட்டதும், சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி அதனைப் பிராஸ்டகிளாண்டின்களாக மாற்றுகிறது. நொதியின் துணையின்றி, தனியுறுப்புகளின் தாக்குதலாலேயே இவற்றை ஒத்த சேர்மங்கள் மனித உடலில் உருவாகின்றன என்பதை 1990இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் மோரோ, ஜாக்சன் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழு வெளியிட்டது. அவையே எஃப்2-ஐசோபிராஸ்டேன்கள்.

நொதி திட்டமான ஒரே வடிவத்தை ஆக்கும். தனியுறுப்புக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. ஆதலால் 64 மாற்றியங்கள் தோன்றக்கூடும். (இலங்கைப் பாடநூல்கள் ‘சமபகுதியம்’ என்பதும் இதனையே.) இவற்றுள் மிகுதியாக அளக்கப்படுவது 8-ஐசோ-பிஜிஎஃப்2ஆல்பா. இது சவ்விலேயே உருவாகி, பாஸ்போலிப்பேஸ் நொதியால் விடுவிக்கப்பட்டுக் குருதியில் கலந்து சிறுநீரில் வெளியேறுகிறது.

இதற்கு முன் பெருவழக்கிலிருந்த தயோபார்பிட்டூரிக் அமிலச் சோதனை, வேறு பல பொருள்களோடும் நிறம் காட்டுவதால் ஐயத்திற்குரியது. ஐசோபிராஸ்டேன் நிலைப்புத்தன்மை உடையது. புகைப்போரின் குருதியில் இதன் அளவு மிகுந்திருப்பதையும், இரு வாரம் புகையை நிறுத்தியபின் குறைவதையும் 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எனினும் மாதிரியைக் கையாளும் முறையே முடிவைக் கெடுத்துவிடலாம். குருதி நீர்மத்தில் கொழுப்பு உண்டு. ஆகவே சோதனைக்குழாயிலும் ஆக்சிஜனேற்றம் தொடர்ந்து, உடலில் இல்லாத ஐசோபிராஸ்டேன் புதிதாகத் தோன்றும். சாதாரண உறைபெட்டியில் வைத்த மாதிரி பயன்படாது. −70 டிகிரி செல்சியசில், இயன்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் சேர்த்து வைத்தல் வேண்டும். சிறுநீரில் கொழுப்பு மிகக் குறைவாதலின் இவ்விடர்ப்பாடு பெரும்பாலும் இல்லை. ஆங்கு அளவைக் கிரியேட்டினினோடு ஒப்பிட்டுக் கூறுவர். நோயெதிர்ப்புச் சோதனைப் பெட்டிகள் மலிவானவை. ஆனால் ஒத்த மூலக்கூறுகளையும் சேர்த்தே எண்ணிவிடுகின்றன. டியூட்டீரியம் ஏற்றிய அகத்தரப் பொருளுடன் நிறை நிறமாலைமானியால் அளப்பதே நம்பத்தக்கது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. 8-ஐசோ-பிஜிஎஃப்2ஆல்பாவைச் சைக்ளோஆக்சிஜனேஸும் சிறிதளவு ஆக்கவல்லது. அழற்சி மிகுந்த நோயாளியிடம் காணப்படும் உயர்வு தனியுறுப்பின் விளைவா, நொதியின் விளைவா என்பதை அவ்வெண் மட்டும் சொல்லாது. அதனால் நொதிவழிப் பொருளான பிஜிஎஃப்2ஆல்பாவையும் உடன் அளந்து, இரண்டின் விகிதத்தைக் கொண்டு பங்கைப் பிரித்தறியும் முறையை ஆய்வாளர் கைக்கொண்டுள்ளனர்.