காதைச் சோதிக்கப் பயம் ஏன்?

“மாமிக்குக் காது கேட்கும். கேட்காத மாதிரி இருக்கிறா” என்று அந்த மருமகள் என்னிடம் சொன்னபோது, மாமியார் முற்றத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையில் பத்தடி தூரம்தான் இருக்கும். தன்னைப் பற்றித்தான் கதை நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

பெரியமடு, மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரதேசத்தில் உள்ள ஒரு விவசாயக் கிராமம். 2008 ஆம் ஆண்டு யுத்தம் இந்தப் பக்கமாக நகர்ந்தபோது சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த அக்காவும் அப்படிப் போனவர்களில் ஒருவர். 2009 இன் தொடக்கத்தில், பதுங்கு குழி வாசலில் நின்ற வேளை பக்கத்தில் ஷெல் விழுந்தது. இடது காதால் இரத்தம் வந்தது. சேலைத் துண்டைக் காதில் அடைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிறகு முகாம், பிறகு மீள்குடியேற்றம், பிறகு வீடு கட்டுவது, கிணறு இறைப்பது. காதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் வரவில்லை.

அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எனவே “அக்கா” என்றே எழுதுகிறேன்.

அக்கா ஒரு மாதர் சங்கத்தின் பொருளாளர். ஒரு கூட்டத்தில் ஒரு பெண் “இருநூறு” என்று சொன்னதை அக்கா “அறுநூறு” என்று எழுதிவிட்டார். மாத முடிவில் கணக்கு இடித்தது. எவரும் நேரே குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் கொப்பியை இன்னொருவர் எடுத்து வைத்துக்கொண்டார். அன்று இரவு அக்கா என்னிடம் சொன்னது இது: “தங்கச்சி, எனக்குச் சத்தம் கேக்குது. கதைதான் விளங்குதில்லை. ஷெல்லோட மூளையும் கலங்கிப் போச்சோ தெரியேல்லை. எனக்கு விசர் வருகுதோ?”

ஏன் மறைக்கிறோம்?

சகோதரிகளே, கையில்லாததை ஊர் காணும். கண் தெரியாததை ஊர் அறியும். காது கேளாததை எவரும் காண்பதில்லை. அதனால் கேளாதவரை ஊர் “தலைக்கனம்”, “மந்தம்”, “விசர்” என்று வேறு பெயர்களால் அழைக்கிறது. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963 இல் களங்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளியே தெரியாத குறையை உடையவர் அதனை மறைப்பதிலும் தமது சக்தியைச் செலவிடுகிறார் என்பதைப் பல்கலைக்கழகத்தில் அந்த நூலினூடாகப் படித்தேன். அதன் கருத்து எனக்கு முழுமையாக விளங்கியது அக்காவைக் கண்ட பிறகுதான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், சிரிப்பார், கூட்டத்தில் மூலையில் இருப்பார்.

கிளினிக்குக்கு வர அவர் பயந்ததும் இதனால்தான். “செவிடு எண்டு பேப்பரில எழுதித் தந்தால் சங்கத்தில இருந்து எடுத்துப்போடுவினம்” என்றார்.

இந்தப் பிரச்சினை அவருடையது மட்டுமல்ல. உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் ஏதோ ஓர் அளவு கேட்டல் குறைவுடன் வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவை என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

வெடிச் சத்தம் காதில் என்ன செய்கிறது?

நாம் சாதாரணமாகக் கதைக்கும் சத்தம் ஏறத்தாழ 60 டெசிபல். 140 டெசிபலைத் தாண்டும் வெடிச் சத்தம் ஒரே தடவையில் காதைப் பழுதாக்கக்கூடியது. கிட்ட விழும் ஷெல் அதையும் கடந்துவிடும்.

பாதிப்பு இரண்டு இடங்களில் ஏற்படலாம். முதலாவது செவிப்பறை. காற்றின் அமுக்கத்தால் அது கிழியும். பல கிழிசல்கள் சில மாதங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடாதவற்றைச் சத்திரசிகிச்சை மூலம் அடைக்க முடியும். இரண்டாவது, உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் பகுதி. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் கலங்களே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன.

“சத்தம் கேக்குது, கதை விளங்குதில்லை” என்பதன் காரணம் இதுதான். “ஆ”, “ஊ” போன்ற உயிரொலிகள் தடித்தவை, அவை கேட்கும். “ச”, “த”, “ப” போன்ற எழுத்துக்களின் மெல்லிய ஒலிகள் விழுந்துபோகும். ஆண்களின் குரலைவிடப் பெண்களின், பிள்ளைகளின் குரல் விளங்கக் கடினமாக இருக்கும். பலர் ஒரே நேரத்தில் கதைக்கும் கூட்டத்தில் இன்னும் கடினம். இதில் மூளைக் கலக்கம் எதுவும் இல்லை.

போவதற்கு முன்

முதலில் அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைக் கண்டு, பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பழைய துண்டுகள், கிளினிக் கொப்பி, பாவிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் கொண்டு செல்லுங்கள். காசநோய்க்கு முன்னர் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், சில ஊசி மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடும். காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள், குச்சியால் கிண்டாதீர்கள். முதல் நாள் நெல் ஆலை, ஒலிபெருக்கி போன்ற பெருஞ் சத்தங்களுக்குக் கிட்டப் போகாதீர்கள். சத்தத்தில் களைத்த காது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

இன்னுமொன்று. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடங்களின் பின் திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் சகோதரிகள், காதுக்கு மேல் முக்காட்டை விலக்க வேண்டி வரும் என்பதால் தயங்குகிறார்கள். பெண் உத்தியோகத்தர் ஒருவரை அல்லது துணைக்கு வந்த பெண்ணை அருகில் நிற்க விடும்படி முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சோதனை அறைக்குள்

நானும் அக்காவும் முதல் பஸ்ஸில் போனோம். வைத்தியர் முதலில் சிறிய வெளிச்சக் கருவியால் காதுக்குள் பார்த்தார். குறும்பி இருந்தால் அதை எடுத்த பிறகுதான் சோதனை செய்வார்கள். அடுத்து, காது வாசலில் ஒரு சிறிய றப்பர் முனையை வைத்து மெதுவாகக் காற்றமுக்கத்தை மாற்றினார்கள். விமானத்தில் ஏறினால் அடைப்பதுபோல் ஒரு கணம் அடைக்கும். ஒரு காதுக்குச் சில விநாடிகள்தான். செவிப்பறை அசைகிறதா, ஓட்டை உள்ளதா, உள்ளே நீர் நிற்கிறதா என்று இதில் தெரிய வரும்.

பிறகுதான் பிரதான சோதனை. சத்தம் புகாத சிறிய அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். “பீப்” என்று மெல்லிய ஒலி வரும். கேட்டால் அழுத்த வேண்டும். கேட்டதும் ஒலியைக் குறைப்பார்கள், கேளாவிட்டால் சற்றுக் கூட்டுவார்கள். இப்படி மாறி மாறி, உங்களால் கேட்கக்கூடிய ஆகக் குறைந்த ஒலியைக் கண்டுபிடிப்பார்கள். தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை, 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை, ஒவ்வொரு காதையும் தனித்தனியே பார்ப்பார்கள்.

கதவு மூடியதும் அக்காவுக்கு வியர்த்தது. மூடிய சிறிய இடம், காதுக்குள் நிசப்தம், அதற்குள் தூரத்தில் ஒரு கீச்சொலி. ஷெல் வருவதற்கு முன் கேட்ட கூவல் நினைவுக்கு வந்துவிட்டது. பொத்தானைப் போட்டுவிட்டு எழுந்தார். சோதனை செய்த பெண் உடனே கதவைத் திறந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அக்காவைச் சற்று நேரம் வெளியே இருத்தித் தண்ணீர் கொடுத்தார். பின்னர் அறையின் கண்ணாடி வழியாக அக்கா என்னைப் பார்க்கக்கூடியதாகக் கதிரையைத் திருப்பிப் போட்டார். நான் கருவியை மறைத்துக்கொண்டு நின்றேன், அதில் நடப்பதை அக்கா காணக்கூடாது என்பதற்காக. இரண்டாம் தடவை அக்கா கடைசி வரை இருந்தார்.

உங்களுக்கும் இப்படி வரலாம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “எனக்கு மூடிய அறை பயம். நான் கை காட்டினால் நிற்பாட்டுங்கோ.” இது நோயாளியின் உரிமை.

அக்கா இன்னொரு பிழையும் விட்டார். கேளாமலேயே குத்துமதிப்பாக அழுத்தினார். “கூடக் கேட்டால் பாஸ் பண்ணலாம் எண்டு நினைச்சன்” என்றார் பிறகு. சகோதரிகளே, இதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. கூட்டிச் சொன்னால் உங்களுக்குத் தேவையான உதவி குறையும். குறைத்துச் சொன்னால் கருவி அளவுக்கு மிஞ்சிச் சத்தம் போடும். மெல்லியதாக ஒலி கேட்டாலும் அழுத்துங்கள். கேளாவிட்டால் பேசாமல் இருங்கள். காதில் ஏற்கெனவே இரைச்சல் இருந்தால் அதைச் சொல்லுங்கள், விட்டுவிட்டு வரும் ஒலியைப் போடுவார்கள்.

இடையில் ஒரு காதில் மழை பெய்வதுபோல் “ஷ்ஷ்” என்ற இரைச்சலைப் போடுவார்கள். அது நல்ல காது மற்றக் காதுக்கு உதவி செய்யாமல் தடுப்பதற்கு. அதற்குப் பொத்தானை அழுத்தத் தேவையில்லை. காதின் பின் எலும்பில் ஒரு சிறிய கருவியை வைத்தும் ஒலி அனுப்புவார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் கேளாவிட்டால் பழுது வெளிக்காதில் அல்லது நடுக்காதில் இருக்கிறது. இரு வழியாலும் ஒரேயளவு குறைந்தால் பழுது உட்காதில் அல்லது நரம்பில்.

சில இடங்களில் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இங்கே கவனம் வேண்டும். “பீப்” ஒலிக்கு மொழி கிடையாது. சொல்லுக்கு உண்டு. உங்களுக்குப் பரிச்சயமில்லாத மொழியில் சொற்களைச் சொன்னால் விடை பிழைக்கும். “எனக்குத் தமிழில்தான் விளங்கும்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இவை எவற்றிலும் நோவு இல்லை. உள்ளே சென்று வெளியே வர ஏறக்குறைய அரைமணி நேரம் போகும்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

முடிவில் ஒரு கட்டம் போட்ட தாள் தருவார்கள். அதை ஓடியோகிராம் என்பார்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் புள்ளடி இடது காது. இடமிருந்து வலமாகத் தடித்த ஒலியிலிருந்து கீச்சொலிக்குப் போகும். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்டல் குறைவு.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுப்படி 20 டெசிபலுக்குக் குறைவாக இருந்தால் சாதாரணம். 20 முதல் 35 வரை இலேசான குறைவு. 35 முதல் 50 வரை நடுத்தரக் குறைவு. 50 முதல் 65 வரை ஓரளவு கடுமையான குறைவு. 65 இற்கு மேல் கடுமையானது. “60” என்று எழுதியிருந்தால் அறுபது வீதம் செவிடு என்று பொருள் கொள்ளாதீர்கள். அது வீதக் கணக்கு அல்ல, கேட்பதற்கு எவ்வளவு சத்தம் தேவை என்ற அளவு.

அக்காவின் இடது செவிப்பறையில் ஓட்டை இருந்தது. உட்காதும் பாதிக்கப்பட்டிருந்தது. நல்ல காது என்று அவர் நம்பியிருந்த வலது காதிலும் 4,000 ஹேர்ட்ஸ் இடத்தில் கோடு பள்ளம்போல் இறங்கியிருந்தது. பெருஞ் சத்தத்தால் பாதிக்கப்பட்ட காதுகளில் பெரும்பாலும் காணப்படும் பள்ளம் அது. சோதனை செய்தவர் விரலை வைத்துக் காட்டினார்: “அம்மா, இந்த இடத்திலதான் சொல்லுகள் விழுந்து போகுது.”

அக்கா அந்தத் தாளைக் கனநேரம் பார்த்தார். “அப்ப எனக்கு விசர் இல்லை” என்றார். பிறகு அழுதார்.

வீட்டுக்கு வந்த பின்

தாளின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். காதுக் கருவி தேவை என்று சொன்னால், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி பற்றி விசாரியுங்கள். அதற்கும் இந்தத் தாள் வேண்டும். அக்காவின் ஓட்டைக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமா என்பதை வைத்தியர் அடுத்த கிளினிக்கில் சொல்வார். கருவி இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைத்தாலும் பழைய காது திரும்பி வராது. கருவியைப் பழகச் சில வாரங்கள் எடுக்கும்.

ஆனால் வீட்டில் ஒரு மாற்றம் அன்றே தொடங்கியது. தாளை மருமகளுக்கு விளக்கினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாமியாரின் முன்னால் வந்து நின்று, தோளைத் தொட்டு, முகம் பார்த்துக் கதைத்தாள். கத்தத் தேவையில்லை. முகம் தெரிய, வெளிச்சத்தில் நின்று, ஆறுதலாகக் கதைத்தால் போதும். சங்கத்திலும் இப்போது தொகையைச் சொல்பவரே கொப்பியில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கொப்பி மீண்டும் அக்காவிடம்தான் இருக்கிறது.

தாய்மாரின் கவனத்திற்கு

கூப்பிட்டால் திரும்பாத, பேச்சுப் பிந்திய, வகுப்பில் “கவனமில்லாத பிள்ளை” என்று பெயரெடுத்த பிள்ளையையும் சோதித்துப் பாருங்கள். கைக்குழந்தைக்கும் சோதனை உண்டு. குழந்தை தூங்கும்போது காதில் சிறு முனையை வைத்தோ, தலையில் ஒட்டும் வயர்கள் மூலமோ கருவியே அறிந்துகொள்ளும். குழந்தை பொத்தான் அழுத்தத் தேவையில்லை.

திடீரென ஓரிரு நாளில் ஒரு காது கேளாமற்போனால் கிளினிக் நாள் வரை காத்திராதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை பிந்தினால் பலன் குறையும். காதால் நாற்றமுள்ள சீழ் வந்தாலும் பிந்த வேண்டாம்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் கடந்துவிட்டன. அந்தச் சத்தம் எங்களில் பலரின் காதுக்குள் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும், அயலிலும், சங்கத்திலும் மூலையில் இருந்து சிரித்துக்கொண்டு தலையாட்டும் ஒரு பெண் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரோடு ஒரு நாள் பஸ்ஸில் போங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம் ஒன்று நிற்க வேண்டும்.