வைபை நெட்வொர்க் தெரியவில்லையா?

"போனில் வைபை கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் காட்டவில்லை. என்ன செய்வது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பதில் சொல்லும் முன் நானும் ஒரு கேள்வி கேட்பேன். டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள நெட்வொர்க் ஐகானில் கிளிக் செய்து, வைபை பட்டியலைத் திறந்தால் என்ன தெரிகிறது? அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் தெரிந்து, உங்களுடையது மட்டும் இல்லையா? பட்டியலே காலியா? அல்லது வைபை என்ற பட்டனே இல்லையா? மூன்றும் வேறு வேறு கோளாறுகள். இதைப் பிரித்துப் பார்க்காமல், எடுத்தவுடன் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்துவிடுவோர் உண்டு. போட்டோக்கள் போனதுதான் மிச்சம், வைபை வராது.

உங்கள் நெட்வொர்க் மட்டும் தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டரின் வைபை கார்டு நன்றாகவே இருக்கிறது. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கிக் கொண்டிருக்கலாம். பழைய லேப்டாப்புகளும் மலிவான அடாப்டர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4-ஐயும் இயக்கிவிடுங்கள். அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வந்து கொடுத்த லேப்டாப் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. அந்த ஊர் லேப்டாப்புகள் பெரும்பாலும் 11 வரைதான் தேடும். ரவுட்டரின் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக அமைத்தால் போதும்.

பட்டியல் காலியாக இருந்தால் முதலில் ஏர்பிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கீ போர்டில் விளையாடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். லேப்டாப் என்றால், மேல் வரிசையில் விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட கீ ஒன்று இருக்கும்.

டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பெண்ணின் இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கிற்காகப் புதிய டெஸ்க்டாப் வாங்கியிருந்தார்கள். 2018 முதல் இந்தக் கவுன்சிலிங் ஆன்லைனில்தான் நடக்கிறது. கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய மறுநாளே கடைசி நாள். வைபை உள்ள மதர்போர்டு என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கியும் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. கடைக்குப் போன் செய்தால், "போர்டு போயிருக்கும், கொண்டு வந்து வையுங்கள், நாலு நாள் ஆகும்" என்று பதில். "போனிலேயே பண்ணிடவா மாமா? சின்ன ஸ்கிரீன்ல ஏதாவது காலேஜ் கோடு மாறிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள் அந்தப் பெண். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைக் கேட்டேன். பரண் மேல் இருந்து இறக்கினார்கள். அதில் இரண்டு ஆன்டெனாக்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. கேபினட்டின் பின்னால், திருகு மரையுடன் தங்க நிறத்தில் நீட்டிக் கொண்டிருந்த இரண்டு முனைகளில் அவற்றைத் திருகியதும் பதினைந்து நெட்வொர்க்குகள் தெரிந்தன. ஆன்டெனா இல்லாத போர்டு ரவுட்டரின் பக்கத்திலேயே இருந்தால்தான் ஏதாவது பிடிக்கும். இந்த ஆன்டெனாக்களை மாட்டித் தர மறக்கும் கடைகளைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இனி வைபை பட்டனே இல்லாத நிலை. விண்டோஸ் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தி, வரும் மெனுவில் டிவைஸ் மேனேஜர் தேர்ந்தெடுங்கள். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பிரிவை விரியுங்கள். வயர்லெஸ் அல்லது வைபை என்ற பெயருடன் ஒரு வரி இருக்க வேண்டும். அதன் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் பெரும்பாலும் டிரைவர் பிரச்னை. வரியே இல்லை என்றால் லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு ஆன் செய்யுங்கள். காணாமல் போன கார்டு இப்படித் திரும்பி வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஷட் டவுன் செய்வதும் ரீஸ்டார்ட் செய்வதும் விண்டோஸில் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது, ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். எல்லா டிரைவரும் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்கள் பக்கம் போகாதீர்கள். வைபை இல்லாமல் எப்படி டவுன்லோட் செய்வது என்கிறீர்களா? ஆண்ட்ராய்ட் போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்திடுங்கள். கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது நடக்காது.

எதுவும் பலிக்காவிட்டால் கார்டு பழுதாகியிருக்கலாம். பல டெஸ்க்டாப்புகளில் வைபை கார்டே இருக்காது. இரண்டிற்கும் சில நூறு ரூபாய் யுஎஸ்பி அடாப்டர் போதும். செருகியதும் சிடி டிரைவ் போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். சில அடாப்டர்களின் டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் இயங்கும் வெளி ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் மட்டும் இதைச் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பாதிக்கிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வையுங்கள்.